பள்ளி மாறும் ஆசிரியர்: படி இறங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை



பாலக்கரை, தென்னூர், காஜாமலை என்று நம் பகுதிகளில் காலை ஏழரை மணிக்குத் தெருமுனையில் நின்று பாருங்கள். கையில் சாப்பாட்டுப் பையும் திருத்திய நோட்டுக் கட்டும் வைத்துக்கொண்டு பள்ளி வேனுக்குக் காத்திருக்கும் நம் வீட்டுப் பெண்களைப் பார்க்கலாம். பட்டப்படிப்பு, பி.எட். முடித்துத் தனியார் பள்ளியில் சேர்ந்தவர்கள். பத்து ஆண்டுகளில் இரண்டு மூன்று பள்ளிகள் மாறியவர்கள் இவர்களில் பலர். திருமணம், பிரசவம், வீடு மாற்றம், சம்பளம், நிர்வாகத்தோடு ஒத்துப்போகாமை என்று காரணங்கள் எத்தனையோ. ஆண் ஆசிரியர்களுக்கும் இதே கதைதான்.

புதுப் பள்ளியில் சேர்வதற்கு நாம் எவ்வளவோ தயாராகிறோம். பழைய பள்ளியிலிருந்து விலகுவதற்கு யாரும் தயாராவதில்லை. இந்த மாதப் பாடம் அதைப் பற்றியது. சட்டத்தைச் சொல்லும் முன் என் கதையைச் சொல்லிவிடுகிறேன்.

என்னுடைய ஆறு ஆண்டுகள்

நான் கணித ஆசிரியர். முதலில் வேலை பார்த்தது ஸ்ரீரங்கம் பக்கம் ஒரு தனியார் உயர்நிலைப் பள்ளியில். சத்திரம் பேருந்து நிலையத்தில் ஒன்றாம் நம்பர் பஸ்ஸைப் பிடித்து, காவிரிப் பாலம் தாண்டிப் போக வேண்டும். ஆறு ஆண்டுகள் போய் வந்தேன். பிறகு அத்தாவுக்குப் பக்கவாதம் வந்தது. மாலையில் கடையைப் பார்க்க ஆள் இல்லை. வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு பள்ளியில் இடம் கிடைத்ததும் தலைமை ஆசிரியரிடம் போய்ச் சொன்னேன். தங்கமான மனிதர். "போய்ட்டு வாங்க சார், அப்பாவைப் பாத்துக்குங்க" என்றார். ஆசிரியர் அறையில் டீயும் போண்டாவும் வாங்கித் தந்து வழியனுப்பினார்கள். கடைசி மாதச் சம்பளத்தைக் கவரில் போட்டுத் தந்தார்கள். ராஜினாமாக் கடிதம் நானும் எழுதவில்லை. விடுவிப்பு ஆணை அவர்களும் தரவில்லை. கேட்பது மரியாதைக் குறைவு என்று நினைத்தேன்.

பல ஆண்டுகள் கழித்து ஒரு பணிக்கு விண்ணப்பித்தபோது அனுபவச் சான்றிதழ் கேட்டார்கள். மறுபடியும் அந்தப் பள்ளிக்குப் போனேன். தலைமை ஆசிரியர் ஓய்வு பெற்று ஊர் மாறிவிட்டார். தாளாளர் காலமாகி, மகன் நிர்வாகத்தில் இருந்தார். பழைய வருகைப் பதிவேடுகளில் பாதியைக் கரையான் தின்றிருந்தது. "நீங்க இங்க வேலை பாத்தது எங்க பியூனுக்கு ஞாபகம் இருக்கு சார். ஆனா பேப்பர்ல இல்லையே" என்றார் அந்த மகன். அவர் சொன்னதில் தவறில்லை. என் ஆறு ஆண்டுகள் அப்படியே போயின.

அன்று திரும்பி வரும்போது பஸ்ஸில் ஒரு வாலிபர் எழுந்து இடம் தந்தார். "பத்தாங் கிளாஸ்ல எனக்குக் கணக்கு எடுத்தது நீங்கதான் சார்" என்றார். பிள்ளைகளுக்கு நினைவிருக்கிறது. ஆனால் பிள்ளைகளின் நினைவை எந்த அலுவலகத்திலும் சான்றாக ஏற்க மாட்டார்கள்.

இந்தப் பாடத்தின் சாரம் இதுதான்: எழுத்தில் இல்லாத பணிக்காலம், கணக்கில் இல்லாத பணிக்காலம்.

பள்ளி மாறுவது குறையா?

இல்லை. பாரதியார் 1904 ஆகஸ்டில் மதுரை சேதுபதி உயர்நிலைப் பள்ளியில் தற்காலிகத் தமிழாசிரியராகச் சேர்ந்தார். மூன்று மாதத்துக்குச் சற்று அதிகமாக அங்கே இருந்துவிட்டு, நவம்பரில் சென்னைக்குப் போய் சுதேசமித்திரன் பத்திரிகையில் வேலைக்குச் சேர்ந்தார். நம் திருச்சி பிஷப் ஹீபர் கல்லூரியில் இருபது ஆண்டுகளுக்கு மேல் தமிழ் கற்பித்த ந.மு. வேங்கடசாமி நாட்டார், பின்னர் 1930-களில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்துக்குப் போனார். ஒருவர் சில மாதங்களில் மாறினார், இன்னொருவர் பல்லாண்டுகள் கழித்து மாறினார். மாறுவதில் வெட்கமில்லை. ஒழுங்காக மாறாததில்தான் நஷ்டம் இருக்கிறது.

விலகும் முன்: நியமன ஆணையைப் படியுங்கள்

சேரும்போது கையெழுத்துப் போட்ட நியமன ஆணையை எடுத்துப் பாருங்கள். முன்னறிவிப்பு எத்தனை நாள் என்று அதில் இருக்கும். பல பள்ளிகளில் ஒரு மாதம் அல்லது மூன்று மாதம். முன்னறிவிப்புத் தராமல் போனால் அத்தனை நாள் சம்பளத்தைக் கட்ட வேண்டும் என்று சில ஆணைகளில் எழுதியிருக்கும். கல்வியாண்டின் நடுவில் விலகக் கூடாது என்றும் சிலவற்றில் இருக்கும். செய்த ஒப்பந்தத்தை நிறைவேற்றுவது நம் மார்க்கக் கடமையும் கூட. நிர்வாகத்தின் மேல் கோபம் இருந்தாலும் அந்தக் கடமை மாறாது.

விலகச் சரியான நேரம் ஏப்ரல் கடைசி. தேர்வு முடிந்திருக்கும், பிள்ளைகளுக்குப் பாதிப்பு இல்லை. புதுப் பள்ளிகளும் அப்போதுதான் ஆள் எடுக்கும். ஆனால் ஒன்றை முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்: ஏப்ரலில் விலகினால் மே மாதச் சம்பளம் உண்டா, இல்லையா? பல வீடுகளில் இது தெரியாமல் ஜூன் மாதம் கடன் வாங்க வேண்டி வருகிறது. புதுப் பள்ளியின் முதல் சம்பளம் ஜூலை தொடக்கத்தில்தான் கைக்கு வரும். எனவே இரண்டு மாதச் செலவுக்குக் கையில் பணம் வைத்துக்கொண்டு விலகுங்கள்.

புதுப் பள்ளியில் "வாங்க, பாத்துக்கலாம்" என்று வாயால் சொன்னதை நம்பிப் பழைய வேலையை விடாதீர்கள். சம்பளமும் சேரும் தேதியும் எழுதிய நியமன ஆணை கைக்கு வந்த பிறகு ராஜினாமாக் கடிதம் கொடுங்கள்.

கடிதம் எப்படி எழுதுவது?

சுருக்கமாக எழுதுங்கள். குறைகளைக் கொட்டும் இடம் அது இல்லை. ஒரு மாதிரி:

அனுப்புநர்: (பெயர், பதவி, பணியாளர் எண்)
பெறுநர்: தாளாளர் அவர்கள், (பள்ளியின் பெயர்). தலைமை ஆசிரியர் அவர்கள் வழியாக.
பொருள்: பணியிலிருந்து விலக அனுமதி வேண்டுதல்.
ஐயா / அம்மா,
நான் தங்கள் பள்ளியில் ____ தேதி முதல் ____ பாட ஆசிரியராகப் பணியாற்றி வருகிறேன். குடும்பச் சூழ்நிலை காரணமாக ____ தேதி பிற்பகல் முதல் பணியிலிருந்து விலக விரும்புகிறேன். நியமன ஆணையின்படி இக்கடிதத்தை ____ நாள் முன்னறிவிப்பாக ஏற்க வேண்டுகிறேன். என் பொறுப்பில் உள்ள பதிவேடுகளையும் பொருள்களையும் ஒப்படைத்துவிடுகிறேன். பணி விடுவிப்பு ஆணை, அனுபவச் சான்றிதழ், என் அசல் சான்றிதழ்கள் ஆகியவற்றை விலகும் நாளில் வழங்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.
இப்படிக்கு, (கையொப்பம், தேதி)

இரண்டு பிரதி எடுங்கள். ஒன்றை அலுவலகத்தில் கொடுத்து, மற்றொன்றில் பள்ளி முத்திரையும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள். வாங்க மறுத்தால், சேர்ந்ததற்கான சான்று கிடைக்கும் விதத்தில் விரைவுத் தபாலில் அனுப்புங்கள். வாட்ஸ்அப்பில் "நாளைலேர்ந்து வரல சார்" என்று அனுப்புவது ராஜினாமா ஆகாது. அதைப் பணிக்கு வராமல் நின்றதாக எழுதிக்கொள்ளவும் வழி இருக்கிறது.

கேட்டு வாங்க வேண்டியவை

1. ராஜினாமா ஏற்கப்பட்ட கடிதம்.
2. பணி விடுவிப்பு ஆணை. எந்தத் தேதி பிற்பகலில் விடுவிக்கப்பட்டீர்கள் என்று அதில் இருக்க வேண்டும்.
3. அனுபவச் சான்றிதழ். சேர்ந்த தேதி, விலகிய தேதி, பதவி, பாடம், எடுத்த வகுப்புகள் எல்லாம் தெளிவாக இருக்க வேண்டும். "இவர் எங்களிடம் சில காலம் பணியாற்றினார்" என்ற சான்றிதழால் பயனில்லை. அரசு சார்ந்த தேவைக்குக் கல்வி அதிகாரியின் மேலொப்பம் கேட்பார்கள். பள்ளி அலுவலகம் வழியாக அதையும் அப்போதே வாங்க முயலுங்கள்.
4. கடைசிச் சம்பளச் சீட்டு. சம்பளம் வங்கி வழியாக வந்திருந்தால் பணிக்காலம் முழுவதுக்கும் வங்கிக் கணக்கு அறிக்கை. என்னைப் போல எல்லாக் காகிதமும் தொலைந்தவருக்குக் கூட இது ஒரு சாட்சி.
5. வருங்கால வைப்பு நிதியின் யு.ஏ.என். எண், உறுப்பினர் எண்.
6. எமிஸ் தளத்தில் அந்தப் பள்ளியின் ஆசிரியர் பட்டியலிலிருந்து உங்கள் பெயரை விடுவித்ததற்கான உறுதி.

வாங்கிய அன்றே எல்லாவற்றையும் கைபேசியில் படம் பிடித்து, உங்கள் மின்னஞ்சலுக்கே அனுப்பி வையுங்கள்.

பெயர் எழுத்துக்கூட்டையும் பாருங்கள். நம் வீடுகளில் இது பெரிய தலைவலி. முகமது என்ற ஒரே பெயருக்கு ஆங்கிலத்தில் ஐந்தாறு விதமான எழுத்துக்கூட்டு இருக்கிறது. பாத்திமாவும் பீவியும் அப்படியே. மதிப்பெண் பட்டியலில் ஒன்று, ஆதாரில் ஒன்று, பள்ளிப் பதிவேட்டில் ஒன்று என்று இருந்தால் வைப்பு நிதிப் பணம் நகராது. முதலெழுத்து அத்தாவின் பெயரா, கணவரின் பெயரா என்பதிலும் குழப்பம் வரும். வேலையில் இருக்கும்போதே திருத்திக்கொள்வது எளிது.

அசல் சான்றிதழைப் பிடித்து வைத்தால்?

சேரும்போதே பட்டச் சான்றிதழையும் பி.எட். சான்றிதழையும் அசலாக வாங்கிப் பீரோவில் பூட்டும் பள்ளிகள் இருக்கின்றன. ஆசிரியர் நடுவில் போய்விடக் கூடாது என்பதற்காக. கல்விச் சான்றிதழ் அடகு வைக்கும் பொருள் அல்ல என்று சென்னை உயர் நீதிமன்றம் கூறியிருக்கிறது. முன்னறிவிப்புச் சம்பளம் பாக்கி இருந்தால் அதைக் கேட்க நிர்வாகத்துக்கு வேறு வழிகள் உண்டு. சான்றிதழைப் பிடித்து வைப்பது வழியல்ல.

முதலில் நேரில் மரியாதையாகக் கேளுங்கள். பிறகு எழுத்தில் கேளுங்கள். அதற்கும் பதில் இல்லையென்றால் மாவட்டக் கல்வி அலுவலரிடம் மனு கொடுங்கள். தனியார் பள்ளிகளுக்கென்றே தனியாக மாவட்டக் கல்வி அலுவலர் இப்போது இருக்கிறார். முதல் நாள் முதலே ஒரு பழக்கம் வையுங்கள்: சரிபார்க்க அசலைக் காட்டுங்கள், கொடுப்பது நகலாக இருக்கட்டும். கொடுத்தே ஆக வேண்டும் என்றால் எந்தெந்தச் சான்றிதழ் கொடுத்தீர்கள் என்று எழுதி, பெற்றுக்கொண்டதற்கான கையெழுத்து வாங்குங்கள். வளைகுடா நாட்டுப் பள்ளிகளுக்குப் போக நினைப்பவர்களுக்கு இது இன்னும் முக்கியம். அசல் கையில் இல்லாமல் எந்த மெய்ப்பிப்பும் நடக்காது.

வைப்பு நிதி: எடுத்துவிடாதீர்கள், மாற்றுங்கள்

20 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் பள்ளிகள் வருங்கால வைப்பு நிதிச் சட்டத்துக்குள் வருகின்றன. உங்கள் சம்பளத்தில் 12 சதவீதம் பிடிக்கிறார்கள். நிர்வாகமும் 12 சதவீதம் கட்ட வேண்டும். நிர்வாகம் கட்டுவதில் 8.33 சதவீதம் ஓய்வூதியத் திட்டத்துக்குப் போகிறது. அந்தப் பகுதிக்குச் சம்பள உச்சவரம்பு 15,000 ரூபாய்.

நம் வீடுகளில் நடக்கும் பெரிய தவறு இங்கேதான். பள்ளியை விட்டதும் பணத்தை மொத்தமாக எடுத்துவிடுகிறோம். வீட்டில் விசேஷம், ஃப்ரிட்ஜ், தங்கச்சி கல்யாணம் என்று தேவைகள் இருக்கும். ஆனால் இந்தக் கணக்கைப் பாருங்கள். ஓய்வூதியம் பெற மொத்தம் 10 ஆண்டு பணி வேண்டும். ஒருவர் முதல் பள்ளியில் 6 ஆண்டு, அடுத்த பள்ளியில் 5 ஆண்டு இருக்கிறார். கணக்கை மாற்றிக்கொண்டே போனால் 11 ஆண்டு ஆகிறது. 58 வயதில் மாத ஓய்வூதியம் உண்டு. முதல் பள்ளியை விட்டபோது ஓய்வூதியப் பகுதியையும் எடுத்துவிட்டால் 6 ஆண்டு அழிந்துவிடும். மீதி 5 ஆண்டுதான். ஓய்வூதியம் இல்லை. தொகை சிறியதுதான். ஆனாலும் வயதான காலத்தில் மருந்து வாங்க யாரிடமும் கை நீட்டாமல் இருக்க அது உதவும்.

யு.ஏ.என். என்பது 12 இலக்க எண். ஒருவருக்கு ஒன்றுதான். புதுப் பள்ளியில் சேரும்போது பழைய எண்ணைச் சொல்லுங்கள். புதிதாக ஒன்று போட விடாதீர்கள். பழைய பள்ளி நீங்கள் விலகிய தேதியைப் பதிவு செய்யாவிட்டால், கடைசிச் சந்தா கட்டி இரண்டு மாதம் கழித்து நீங்களே இணையத்தில் பதிவு செய்யலாம். சம்பளத்தில் பிடித்த பணம் உண்மையில் கட்டப்பட்டிருக்கிறதா என்று பாஸ்புக்கில் ஆண்டுக்கு ஒரு முறையாவது பாருங்கள். விலகிய பிறகு பார்ப்பதை விட, வேலையில் இருக்கும்போது பார்த்துக் கேட்பது நல்லது.

பணிக்கொடை: ஆசிரியருக்கும் உண்டு

"கிராஜுவிட்டி எல்லாம் கம்பெனிக்காரங்களுக்கு, டீச்சருக்கு ஏது?" என்று கேட்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். ஒரு காலத்தில் அது உண்மையாகவும் இருந்தது. 1972-ஆம் ஆண்டின் பணிக்கொடைச் சட்டத்தில் உள்ள ஊழியர் என்ற சொல்லுக்குள் ஆசிரியர் வரமாட்டார் என்று 2004 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அகமதாபாத் தனியார் தொடக்கப் பள்ளி ஆசிரியர் சங்கம் தொடுத்த வழக்கு அது. ஆசிரியர்களுக்கும் சட்டம் தேவை என்றால் அதை நாடாளுமன்றம்தான் செய்ய வேண்டும் என்றது நீதிமன்றம். 2009-ல் நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தியது. 1997 ஏப்ரல் 3 முதலே செல்லும் என்றும் சேர்த்தது. தனியார் பள்ளிகள் அதை எதிர்த்து வழக்குப் போட்டன. 2022 ஆகஸ்ட் 29 அன்று உச்ச நீதிமன்றம் அந்தத் திருத்தம் செல்லும் என்று முடிவாகச் சொன்னது. தோற்ற ஒரு வழக்கிலிருந்து நாடு முழுதும் உள்ள ஆசிரியர்களுக்கு ஓர் உரிமை பிறந்தது. அந்த உரிமையைக் கேட்காமல் விட்டுவிடாதீர்கள். பணிக்கொடைச் சட்டம் இப்போது சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்புக்குள் சேர்க்கப்பட்டிருக்கிறது.

நிரந்தர வேலையில் இருந்தவர் ஒரே நிர்வாகத்தில் தொடர்ந்து 5 ஆண்டு பணி முடித்திருக்க வேண்டும். ராஜினாமா செய்தாலும் உண்டு. கணக்கு இது: கடைசியாக வாங்கிய அடிப்படைச் சம்பளமும் அகவிலைப்படியும் சேர்ந்த தொகையை 26-ஆல் வகுத்து, 15-ஆல் பெருக்கி, பணி ஆண்டுகளால் பெருக்க வேண்டும். 18,200 ரூபாய் வாங்கியவர் 8 ஆண்டு பணி செய்திருந்தால்: 18,200 ÷ 26 = 700; 700 × 15 = 10,500; 10,500 × 8 = 84,000 ரூபாய்.

நாலரை ஆண்டில் விலக நினைப்பவர்கள் கொஞ்சம் யோசியுங்கள். ஐந்து முடித்துவிட்டுப் போவது நல்லதா என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒவ்வொரு ஏப்ரலிலும் விடுவித்து ஜூனில் புதிதாக நியமன ஆணை தரும் பள்ளி என்றால், அந்த ஆணைகள் எல்லாவற்றையும் பத்திரமாக வையுங்கள். பணிக்கொடையை எழுத்தில் கேளுங்கள். மறுத்தால் தொழிலாளர் துறையில் இதற்கென உள்ள அதிகாரியிடம் முறையிடலாம்.

தகுதித் தேர்வு: சிறுபான்மைப் பள்ளியிலிருந்து போகிறவர்கள் கவனிக்க

கல்வி உரிமைச் சட்டத்தின் கீழ் 1 முதல் 8 வரையுள்ள வகுப்புகளுக்குக் கற்பிக்க ஆசிரியர் தகுதித் தேர்வு, அதாவது டெட், தேவை. பட்டதாரி ஆசிரியர் 6 முதல் 10 வரை எடுப்பதால் அவருக்கு இரண்டாம் தாள் வேண்டும். 11, 12 எடுக்கும் முதுகலை ஆசிரியருக்கு டெட் இல்லை.

கல்வி உரிமைச் சட்டம் சிறுபான்மைப் பள்ளிகளுக்குப் பொருந்தாது என்று 2014-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. அதனால் நம் சமுதாயப் பள்ளிகளில் டெட் இல்லாமலே பலர் நல்ல ஆசிரியர்களாக இருக்கிறார்கள். 2025 செப்டம்பர் 1 அன்று உச்ச நீதிமன்றம் இன்னொரு தீர்ப்பு தந்தது. அந்த வழக்கில் ஒரு தரப்பு மகாராஷ்டிரத்தைச் சேர்ந்த ஒரு முஸ்லிம் கல்வி அறக்கட்டளை. தமிழ்நாட்டு வழக்குகளும் அதோடு சேர்த்து விசாரிக்கப்பட்டன. சிறுபான்மை அல்லாத பள்ளிகளில் ஏற்கெனவே பணியில் இருப்பவர்களில், ஓய்வுக்கு ஐந்தாண்டுக்கு மேல் இருப்பவர்கள் இரண்டாண்டுக்குள் டெட் தேற வேண்டும் என்றது தீர்ப்பு. ஐந்தாண்டுக்குள் ஓய்வு பெறுபவர்கள் தொடரலாம். பதவி உயர்வுக்கு மட்டும் டெட் வேண்டும். சிறுபான்மைப் பள்ளிகள் பற்றிய கேள்வியைப் பெரிய அமர்வு முடிவு செய்யட்டும் என்று அனுப்பிவைத்தது.

இதில் பள்ளி மாறுகிறவருக்கு என்ன பாடம்? சிறுபான்மைப் பள்ளியில் இருக்கும்வரை டெட் கேட்கப்படாமல் இருக்கலாம். அங்கிருந்து விலகி வேறு பள்ளிக்கு விண்ணப்பிக்கும் அன்று கேட்பார்கள். பன்னிரண்டு ஆண்டு அனுபவம் உள்ள ஆசிரியையை விட்டுவிட்டு, டெட் தேறிய புதியவரை எடுத்துக்கொள்வார்கள். எனவே விலகும் எண்ணம் இல்லாதவர்களும் எழுதி வையுங்கள். ஒருமுறை தேறினால் ஆயுள் முழுதும் செல்லும். பி.சி.எம். பிரிவினருக்கு மதிப்பெண் தளர்வு உண்டு. அந்தந்த அறிவிக்கையில் பாருங்கள். அரசுப் பணி நியமனத்தில் நமக்கு 3.5 சதவீத ஒதுக்கீடு 2007 முதல் இருக்கிறது. அதற்கான சாதிச் சான்றிதழை விண்ணப்பத்தின் கடைசி நாளில் தேடாமல் இப்போதே எடுத்து வையுங்கள்.

அடுத்த பள்ளியில் கேட்க வேண்டிய கேள்விகள்

நேர்காணலில் நம்மைத்தான் கேட்பார்கள் என்று நினைக்க வேண்டாம். நாமும் கேட்கலாம்.

இது அரசு உதவி பெறும் பள்ளி என்றால், கேட்க வேண்டிய முதல் கேள்வி: இது அரசு ஒப்பளித்த பணியிடமா, நிர்வாகமே சம்பளம் தரும் பணியிடமா? ஒப்பளித்த பணியிடம் என்றால், நியமனத்துக்குக் கல்வித் துறையின் ஒப்புதல் வந்த பிறகுதான் அரசுச் சம்பளம். பிள்ளைகளின் எண்ணிக்கை குறைந்து அந்த இடம் உபரி ஆகிவிட்டால் ஒப்புதல் வராமல் போகலாம். "அப்ரூவல் சீக்கிரம் வந்துரும்" என்ற ஒரு வார்த்தையை நம்பி, இருந்த வேலையை விட்டுவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருந்தவர்களை நான் அறிவேன்.

தனியார் பள்ளி என்றால்: கையில் வரும் சம்பளம் எவ்வளவு, வங்கியில் வருமா, பி.எஃப். பிடிக்கிறார்களா, மே மாதச் சம்பளம் உண்டா, வாரத்துக்கு எத்தனை பாடவேளை, அசல் சான்றிதழ் கேட்பார்களா? வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் போய்வர நேரம் கிடைக்குமா என்பதையும் ஆண் ஆசிரியர்கள் சேரும் முன்பே பேசிக்கொள்ளுங்கள். சேர்ந்த பிறகு கேட்டால் சங்கடம்.

டெமோ வகுப்புக்கு உங்களுக்குப் பிடித்த பாடத்தை விட, பிள்ளைகள் தடுமாறும் பாடத்தை எடுங்கள். பத்து நிமிடத்தில் ஒரே ஒரு கருத்தைப் புரியவையுங்கள். பழைய பள்ளியை ஏன் விட்டீர்கள் என்று கேட்டால் உண்மையைச் சுருக்கமாகச் சொல்லுங்கள். பழைய தலைமை ஆசிரியரைக் குறை சொல்லாதீர்கள். திருச்சி சின்ன ஊர். இந்தக் கரையில் சொன்னது சாயங்காலத்துக்குள் அந்தக் கரைக்குப் போய்விடும்.

ஒப்படைப்பதும் அமானத்

உரிமையைப் பற்றி இவ்வளவு பேசினோம். நம் பொறுப்பையும் பார்ப்போம். மதிப்பெண் பதிவேடு, பாடக்குறிப்பேடு, நூலகப் புத்தகங்கள், ஆய்வகச் சாவி, திருத்தாத விடைத்தாள்கள் எல்லாம் அமானத். பட்டியல் போட்டு ஒப்படைத்து, கையெழுத்து வாங்குங்கள். எந்தப் பாடம் வரை முடித்தீர்கள், எந்தப் பிள்ளைக்குத் தனிக் கவனம் தேவை என்று அடுத்து வருபவருக்கு ஒரு பக்கம் எழுதி வையுங்கள். பத்தாம் வகுப்புப் பிள்ளைகளைப் பொதுத்தேர்வுக்கு இரண்டு மாதம் இருக்கும்போது விட்டுப் போகாதீர்கள். உயிருக்கோ மானத்துக்கோ ஆபத்து என்றால் அது வேறு.

குடும்பத்தாருக்கும் நிர்வாகிகளுக்கும்

மகளுக்கு நிக்காஹ் பேசி முடித்ததும் "நாளைலேர்ந்து ஸ்கூலுக்குப் போக வேண்டாம்மா" என்று சொல்லும் அத்தாக்களுக்கு: ஒரு மாதம் பொறுங்கள். முறையாகக் கடிதம் கொடுத்து, சான்றிதழ் வாங்கிக்கொண்டு விலகட்டும். பிள்ளைகள் வளர்ந்த பிறகு அவள் திரும்ப வேலைக்குப் போக வேண்டிய நிலை வரலாம். அல்லது விருப்பம் வரலாம். அன்று அந்த ஒரு காகிதம் அவளுக்குக் கை கொடுக்கும். கணவர்மாரும் மாமியார்மாரும் இதையே நினைவில் வையுங்கள்.

நம் சமுதாயப் பள்ளிகளின் நிர்வாகிகளுக்கும் ஒரு வார்த்தை. விலகும் ஆசிரியருக்கு உரிய காகிதங்களைக் கேட்காமலே கொடுங்கள். பத்து நிமிட வேலை. பதிவேடுகளைக் கரையானுக்கு விடாமல் ஸ்கேன் செய்து வையுங்கள். மற்ற பள்ளிகளைக் குறை சொல்லும் முன் நம் அலுவலகப் பீரோவைத் திறந்து, அதில் யாருடைய அசல் சான்றிதழாவது கிடக்கிறதா என்று பாருங்கள்.

வீட்டில் அமர்ந்து பேச

1. நம் வீட்டில் ஆசிரியராக இருந்தவர் எத்தனை பள்ளிகளில் வேலை பார்த்தார்? ஒவ்வொன்றுக்கும் அனுபவச் சான்றிதழ் இருக்கிறதா?
2. அவருடைய யு.ஏ.என். எண் வீட்டில் வேறு யாருக்காவது தெரியுமா? வாரிசுதாரர் பெயர் பதிவாகியிருக்கிறதா?
3. மதிப்பெண் பட்டியல், ஆதார், வங்கிக் கணக்கு மூன்றிலும் பெயர் ஒரே எழுத்துக்கூட்டில் இருக்கிறதா?
4. ஐந்து ஆண்டுக்கு மேல் ஒரே பள்ளியில் வேலை பார்த்து விலகியவர் பணிக்கொடை கேட்டாரா?
5. வேலையை விடச் சொன்னது யார்? விடும் முன் இந்தக் கணக்குகளைப் பார்த்தோமா?

இந்த வாரமே ஒரு கோப்பு வாங்கி, இருக்கும் காகிதங்களைத் தேதி வரிசையில் அடுக்குங்கள். இல்லாததை எழுதி வைத்து, பழைய தலைமை ஆசிரியர் இன்னும் பணியில் இருக்கும்போதே போய்க் கேளுங்கள். நான் போனபோது காலம் கடந்துவிட்டிருந்தது. உங்களில் பலருக்கு இன்னும் நேரம் இருக்கிறது, அல்ஹம்துலில்லாஹ்.